பவளம் வளர்க்க வீட்டிலேயே ஒரு ரேக்... செய்வது சுலபம், அதில் எதை வைப்பது?

"அண்ணா, ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து நானே செஞ்சது. எப்படி இருக்கு, பாருங்க!"

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டின் மேல் மாடித் தம்பி, வாசலில் நின்றபடி ஒரு பொருளை நீட்டினார். பார்க்கக் குட்டி மேஜை மாதிரி இருந்தது. பி.வி.சி பைப்பில் நாலு கால், மேலே சதுரக் கட்டம் போட்ட வெள்ளை பிளாஸ்டிக் தட்டு. தாம்பரம் பக்கம் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் குறைச்சலே இல்லை. ஆனால், இது மீனுக்கானது இல்லையாம்.

"இது கோரல் ரேக் அண்ணா. பவளத்தை சின்னச் சின்னத் துண்டா ஒடிச்சு, இந்தக் கட்டத்துல சொருகி வெச்சா தனித்தனியா வளரும். ஒண்ணு பத்தாகும். யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க எல்லாம் செய்றாங்க."

"சரி, பவளத்துக்கு எங்கே போவே?"

மொபைலை எடுத்துக் காட்டினார். முன்பின் தெரியாத யாரோ அனுப்பிய மெசேஜ். 'லைவ் பீஸ் இருக்கு. கூரியர்ல அனுப்பலாம். பணம் முன்கூட்டியே போடணும்.' பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. நல்லவேளை, தம்பி இன்னும் பணம் போடவில்லை.

அன்று மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரை. ரேக் செய்வது எப்படி என்பதும் இதில் உண்டு. அதில் எதை வைக்கக் கூடாது, எதை வைக்கலாம் என்பதும் உண்டு.

துண்டு எப்படி வளர்கிறது?

பவளம் என்றதும் நமக்கு மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல் நினைவுக்கு வரும். அது மத்தியதரைக் கடல் பக்கம் ஆழத்தில் வளரும் வேறு வகை. நாம் பேசுவது பவளப்பாறையைக் கட்டும் பவளத்தைப் பற்றி.

பார்க்கக் கல் மாதிரி, செடி மாதிரி இருந்தாலும் பவளம் ஒரு விலங்கு. 'பாலிப்' என்று சொல்லப்படும் குட்டிக் குட்டி உயிர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரே கூட்டமாக வாழ்கின்றன. கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை எடுத்துத் தங்களுக்கு அடியில் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெயிலை வாங்கிச் சமைத்துப் போடுகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலான சாப்பாடும் இந்தப் பாசியால் வருவதுதான்.

ஒரு கிளை ஒடிந்து விழுந்தால், அந்தத் துண்டில் இருக்கும் பாலிப்கள் சாவதில்லை. அசையாத ஓர் இடம், வெளிச்சம், நீரோட்டம் மூன்றும் கிடைத்தால் அங்கேயே ஒட்டிக்கொண்டு புதுக் கூட்டமாகின்றன. முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் மரமாவது போலத்தான். கிளை விடும் வகைகள் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டைப் பாறையாக வளரும் வகை ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம்.

வெளிநாடுகளில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் இந்தத் துண்டுக்கு 'ஃப்ராக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அடுக்கி வைப்பதற்குத்தான் ரேக். துண்டை மணலில் போட்டால் மண் மூடிவிடும். ரேக்கில் வைத்தால் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், எல்லாத் துண்டுக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும், அடியிலும் தண்ணீர் ஓடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2001-ல் அதன் முதலாம் அட்டவணையில் பவளங்களைச் சேர்த்தார்கள். பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும், கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல்விசிறி எல்லாம் அதில் அடக்கம். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. கடல்குதிரையும் அங்கேதான் இருக்கிறது.

முதலாம் அட்டவணையில் உள்ள உயிரினத்தைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, வைத்திருப்பது தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் குறைந்தபட்சம் 25,000 ரூபாய்.

"உயிரோட இருக்கிறதுக்குத்தானே அண்ணா இது? செத்த பவளம், லைவ் ராக்னு விக்கிறாங்களே, அது?" என்றார் தம்பி.

செத்ததும் அப்படியே. பவளத்தின் எலும்புக்கூடும் அதே விலங்கிலிருந்து வந்த பொருள்தான். 'லைவ் ராக்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் பழைய பவளப்பாறையை உடைத்து எடுத்தது. ராமேஸ்வரம், கன்னியாகுமரி போன இடத்தில் வாங்கி ஷோகேஸில் வைக்கும் வெள்ளைப் பவளக் கொத்தும் இதில் சேரும். அதனால், வாங்காமல் இருப்பதே நல்லது.

மென்பவளங்களில் சில, அட்டவணையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ஆனால், தேசியப் பூங்கா எல்லைக்குள்ளிருந்து எதை எடுத்தாலும் குற்றம்தான். வெளிநாட்டிலிருந்து வருவதற்கு இறக்குமதி அனுமதி வேண்டும். மொபைலில் 'பணம் போடுங்க, கூரியர்ல வரும்' என்பவரிடம் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் பதிலே வராது. சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

"அப்போ வெளிநாட்டுல மட்டும் எப்படி?" என்பது அடுத்த கேள்வி. அங்கே சட்டம் வேறு. உதாரணமாக, இந்தோனேஷியாவில் கடலுக்குள்ளேயே ரேக் போட்டு வளர்த்து, சர்வதேச உரிமத்தோடு ஏற்றுமதி செய்கிறார்கள். அவர்கள் வீடியோவைப் பார்த்து நாம் செய்யலாம். நமக்கான சட்டம் அந்த வீடியோவில் இருக்காது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

காரணம் நம்ம ஊர்க் கடலில்தான் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் தமிழ்நாட்டின் முக்கியமான பவளப்பாறைகள். 1986-ல் இது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் அங்கே பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து எடுத்தார்கள். சுண்ணாம்பு சுடவும், வீடு கட்டவும், தொழிற்சாலைகளுக்கும் படகு படகாகப் போனது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். அதில் இருப்பது பவளக் கல். பாறை போனதால் அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் போனது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. மீதமிருக்கும் தீவுகளிலும் சில தேய்ந்துகொண்டிருக்கின்றன.

அடுத்த அடி, வெப்பம். ஏப்ரல் முதல் ஜூன் வரை கடல்நீர் 31 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, பவளம் தன் உடலில் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் வெளிறிவிடும். வெப்பம் சீக்கிரம் இறங்கினால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது.

இப்போது தாம்பரத்துக்கு வருவோம். மே மாதம் மதியம், வீட்டு ஹாலில் 35 டிகிரி. பவளத் தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரிதான் சரி. சில்லர் மெஷின் இரவு பகலாக ஓட வேண்டும். உப்பின் அளவு லிட்டருக்கு 35 கிராம் அளவில் நிலையாக நிற்க வேண்டும். கால்சியத்தையும் அடிக்கடி டெஸ்ட் பண்ண வேண்டும். இரண்டு மணி நேரம் கரன்ட் போனால், தண்ணீரோட்டமும் நிற்கும், சூடும் ஏறும். கடலிலேயே தாங்க முடியாத உயிர், நம் ஹாலில் எத்தனை நாள் தாங்கும்?

இதே ரேக், கடலுக்குள்!

இதைச் சொன்னதும் தம்பி முகம் வாடிவிட்டது. ஆனால், அவர் செய்த பொருளின் அண்ணன், பெரியப்பா எல்லாம் தூத்துக்குடிக் கடலுக்குள் இருக்கிறார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவள மறுநடவு செய்து வருகிறது. ஆரோக்கியமான தாய்ப் பவளத்திலிருந்து சின்னத் துண்டுகளை மட்டும் எடுக்கிறார்கள். அவற்றைச் சிமென்ட் பலகையில் கட்டுகிறார்கள். பலகைகளைக் கான்கிரீட் சட்டங்கள் மேல் வைத்துக் கடலடியில் இறக்குகிறார்கள். பிறகு, எத்தனை பிழைத்தது, எவ்வளவு வளர்ந்தது என்று முங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்கிறார்கள். அடியில் மணலும் உடைந்த பவளத் துகளுமாக இருக்கும் இடத்தில், துண்டை உயர்த்தி வைத்தால்தான் மண் மூடாது. தம்பி தன் ரேக்குக்கு நாலு கால் வைத்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

குஜராத்தின் மிதாப்பூரிலும் வனத்துறையோடு சேர்ந்து இப்படிப் பவள மீட்பு வேலை நடக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இன்னும் சுவாரஸ்யம். அங்கே கென் நெடிமையர் என்பவர் மீன் தொட்டிகளுக்கு மீனும் லைவ் ராக்கும் தரும் தொழிலில் இருந்தவர். கடலடியில் அவர் போட்டு வளர்த்த கற்களில், அழிந்துவந்த மான்கொம்புப் பவளம் தானாக வந்து ஒட்டியது. அதைத் துண்டு துண்டாக்கி வளர்க்க ஆரம்பித்தார். 2007-ல் பவள மீட்புக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் கடலுக்குள் நிறுத்தும் 'பவள மர'த்தின் முக்கியப் பொருள் என்ன தெரியுமா? பி.வி.சி பைப்!

சரி, ரேக் செய்யலாம் வாங்க!

பவளம் வேண்டாம் என்பதற்காக ரேக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. துண்டிலிருந்து வளரும் நன்னீர்ச் செடிகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ் மூன்றும் மண் கேட்காது. கட்டிவைத்த இடத்தில் வளரும். சட்டச் சிக்கல் இல்லை, உப்புத் தண்ணீர் வேண்டாம், சில்லரும் வேண்டாம்.

2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத் தொட்டிக்கான அளவு இது. இதில் சுமார் 70 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். புதுத் தொட்டிதான் வேண்டும் என்றில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய தொட்டி கிடைக்கும். வாங்கி வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, அடியில் பேப்பர் விரித்து, கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

*தேவையானவை:* அரை இஞ்ச் பி.வி.சி பைப் 4 அடி, எல்போ 4, டீ 2, பிளாஸ்டிக் கேபிள் டை ஒரு பாக்கெட், சதுரக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் ஷீட் 16-க்கு 8 இஞ்ச். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான்.

பைப், எல்போ எல்லாம் கேம்ப் ரோடு, வேளச்சேரி மெயின் ரோடு பக்கம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஷீட் விஷயத்தில்தான் கவனம். 'எக் கிரேட்' என்று கேட்டால், ஏ.சி டக்ட்டுக்கு மாட்டும் அலுமினியக் கிரில்லை எடுத்துத் தருவார்கள். அது வேண்டாம். பழைய டியூப்லைட் பெட்டியின் பிளாஸ்டிக் கட்டத் தட்டு நல்லது. அது கிடைக்காவிட்டால், பாத்திரம் வடியவிடும் பிளாஸ்டிக் தட்டையோ, காய்கறிக் கூடையின் தட்டையான அடிப்பகுதியையோ வெட்டிக்கொள்ளலாம்.

*1. பைப்பை வெட்டுங்கள்.* காலுக்கு 4 இஞ்ச்சில் நாலு துண்டு, குறுக்குக்கு 3 இஞ்ச்சில் நாலு துண்டு, நீளத்துக்கு 13 இஞ்ச்சில் ஒன்று. ஹேக்சா பிளேடு போதும். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள்.

*2. துளை போடுங்கள்.* ஒவ்வொரு துண்டிலும் மூன்று, நாலு சின்னத் துளை வேண்டும். இதை விட்டுவிட்டால் பைப்புக்குள் காற்று அடைத்து ரேக் மிதக்கும். உள்ளே தேங்கும் தண்ணீரும் நாறும்.

*3. பொருத்துங்கள்.* ஒரு டீயின் இரண்டு பக்கமும் 3 இஞ்ச் துண்டு, அவற்றின் முனையில் எல்போ, எல்போவிலிருந்து கீழ்நோக்கிக் கால். 'ப' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். இதே போல இன்னொன்று. இரண்டு டீயையும் நடுவில் 13 இஞ்ச் பைப்பால் இணைத்துவிட்டால் சட்டம் ரெடி. அழுத்திச் சொருகினாலே இறுக்கமாக நிற்கும், சொல்யூஷன் ஒட்டத் தேவையில்லை.

*4. ஷீட்டைக் கட்டுங்கள்.* மேலே வைத்து ஏழெட்டு இடத்தில் கேபிள் டையால் இறுக்குங்கள். கம்பி, ஆணி, ஸ்க்ரூ எதுவும் கூடாது. இரும்பு துருப்பிடிக்கும், செம்பு, இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

*5. ஊறவையுங்கள்.* சோப்புப் போடாமல் கழுவி, ஒரு நாள் பக்கெட் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டுத் தொட்டியில் இறக்குங்கள்.

செடியைத் துண்டு போடுவது

அனுபியாஸில் இஞ்சி மாதிரி படுத்து வளரும் ஒரு தண்டு இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று, நாலு இலை இருக்கும்படி சுத்தமான பிளேடால் அந்தத் தண்டை வெட்டுங்கள். ஒரு சின்னக் கல்லில் பருத்தி நூலால் கட்டுங்கள். ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்தும் ஒட்டலாம். வெளிநாட்டில் பவளத் துண்டை ஒட்டுவதும் இதே வகைப் பசையால்தான். தண்டை மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கல்லை ரேக்கில் வைத்தால் வேர், கட்டத்துக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஜாவா ஃபெர்னையும் இப்படியே கட்டலாம். மாஸை மட்டும் மெல்லியதாகப் பரப்பி நூலைச் சுற்றுங்கள். நம் வெயிலுக்கு மூன்றில் அனுபியாஸ்தான் கெட்டி. மே மாதத்தில் மற்ற இரண்டும் கொஞ்சம் சோர்ந்துபோகும். தொட்டியின் மேல் ஒரு குட்டி ஃபேனைத் திருப்பி விட்டால், தண்ணீர் ஆவியாவதிலேயே இரண்டு டிகிரி குறையும்.

லைட் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். அதிகம் எரியவிட்டால் இலையில் பாசி படியும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால் ஒரு நாள் பக்கெட்டில் திறந்துவைத்து ஊற்றுங்கள். போர் தண்ணீர் மஞ்சளாக இருந்தால் இரும்பு அதிகம் என்று அர்த்தம், அது வேண்டாம். முதல் மாதம் ஒன்றிரண்டு பழைய இலை உதிரும். பதறாதீர்கள், புது இலை வரும். அனுபியாஸ் மாதத்துக்கு ஒன்றிரண்டு இலைதான் விடும், பொறுமை வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம்

செடி பெருகிவிட்டால் நண்பர்களுக்குக் கொடுங்கள். சேலையூர் ஏரியிலோ, செம்பாக்கம் ஏரியிலோ, சிட்லபாக்கம் ஏரியிலோ கொட்டாதீர்கள். மீனையும் விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்வதற்காக வாங்கி, பெரிசாகிவிட்டது என்று ஏரியில் விட்ட சக்கர் மீன்தான், இன்று சென்னையின் பல நீர்நிலைகளில் மீனவர் வலையில் ஏறுகிறது.

பவளத்தை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி பக்கம் பிச்சைமூப்பன்வலசைக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாப் படகு இருக்கிறது. கிளம்புவதற்கு முன் படகு ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாடித் தம்பி அந்த மெசேஜுக்குப் பதில் போடவில்லை, நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். ரேக் இப்போது அவர் வீட்டு ஹாலில் தண்ணீருக்குள் நிற்கிறது, மேலே ஒன்பது அனுபியாஸ் துண்டுகள். நேற்று லிஃப்ட்டில் பார்த்தபோது சொன்னார்: "அண்ணா, ரெண்டு துண்டுல புது இலை வந்திருக்கு. உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். தொட்டி வாங்கிட்டீங்களா?"

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகணும்.